பழைய ஹாஃப்-லைஃபை இப்ப திரும்ப ஆடலாமா? வாசகர் கேள்வி-பதில்

பல வருஷம் கழிச்சு திரும்ப ஆடின ஒரு பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஷூட்டர் பத்தி எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். நிறைய பேர் எழுதினது ஒரே கேம் பத்தி: 1998 நவம்பர்ல வால்வ் கம்பெனி விட்ட ஹாஃப்-லைஃப். ஆடாதவங்களுக்கு ரெண்டு வரியில கதை. நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில பிளாக் மேசான்னு ஒரு ரகசிய ஆராய்ச்சிக்கூடம், அங்க ஒரு பரிசோதனை கைமீறிப் போய் வேற உலகத்துக்கு வாசல் திறந்துடுது, கார்டன் ஃப்ரீமேன்ங்கிற 27 வயசு பிசிக்ஸ் விஞ்ஞானி அங்கிருந்து உயிரோட வெளிய வரணும். வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில்.

கேள்வி: அண்ணா, காலேஜ் படிக்கும்போது ராத்திரி பூரா முழிச்சு ஆடின கேம் இது. ஆசையா திரும்ப இன்ஸ்டால் பண்ணேன். ஆரம்பத்துல டிராம்லயே அஞ்சு நிமிஷம் போகுது, துப்பாக்கி கைக்கு வர்றதுக்குள்ள பொறுமை போயிடுது, முகமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு. நான் மாறிட்டேனா இல்ல கேம் பழசாயிடுச்சா? தொடரலாமா?

பதில்: தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. முகம் கட்டம் கட்டமா இருக்கிறது உண்மைதான், எல்லா விஞ்ஞானிக்கும் நாலே நாலு மூஞ்சிதான், அதெல்லாம் பழசாயிடுச்சு. ஆனா அந்த டிராம்ல "எப்படா முடியும்"னு ஒரே இடத்துல நிக்காம இந்த தடவை ஒவ்வொரு ஜன்னலா நடந்து போய்ப் பாருங்க. 1993ல வந்த டூம், 1996ல வந்த குவேக், ரெண்டுலயும் கேம் ஆரம்பிச்ச உடனே கையில துப்பாக்கி, எதிர்ல அரக்கன், ஷூட்டர்னா அந்தக் காலத்துல அதுதான் இலக்கணம். அப்படி இருந்த நேரத்துல ஒரு மனுஷன் காலையில வேலைக்குப் போறதை முழுசா காட்டலாம்னு ஒரு புது கம்பெனி முடிவு பண்ணினாங்க, அதுவும் அவங்களோட முதல் கேம்ல, அந்த தைரியம் இன்னைக்கு பாக்கும்போதுதான் புரியுது.

ஜன்னல் வழியா என்னென்ன தெரியுதுன்னு கவனிங்க. ஒரு செக்யூரிட்டி கார்டு பூட்டின கதவு முன்னாடி நின்னு தட்டிக்கிட்டு இருப்பார், அவர்தான் பார்னி, 2001ல வந்த ப்ளூ ஷிஃப்ட்ங்கிற துணைக் கேம்ல நாமளே அந்த பார்னியா அதே கதவு முன்னாடி நிப்போம், நம்ம டிராம் கடந்து போறதை அங்கிருந்து பாப்போம். இன்னொரு டிராம்ல கோட் சூட் போட்ட ஒரு ஆள் பெட்டியோட நின்னு நம்மளையே பாத்துக்கிட்டு இருப்பான், அவன் யாருன்னு கேம் முடியுற வரைக்கும் சொல்ல மாட்டாங்க. கீழ பச்சைக் கலர்ல கழிவு தேங்கி நிக்கும், சுத்தி இயந்திரங்க பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்கும். ஸ்பீக்கர்ல ஒரு குரல், மணி 8:47, மேல பாலைவனத்துல வெயில் இவ்வளவுன்னு சொல்லும். ஒரு சண்டைகூட இல்லாமலே இந்த இடம் எவ்வளவு பெருசு, எவ்வளவு ஆழம், இங்க ஏதோ சரியில்லைங்கிறதை மனசுல ஏத்திடறாங்க.

இதுல முக்கியமான விஷயம், அந்த டிராம்ல நீங்க நடக்கலாம் திரும்பலாம் குனியலாம். கட்சீன்னு சொல்லி கேமராவை உங்க கையிலேர்ந்து பிடுங்கி வேற ஒருத்தன் கண்ணுல கதை சொல்ற வேலை இந்த கேம்ல கிடையாது. நடுவுல சிப்பாய்ங்க ஃப்ரீமேனை அடிச்சு மயங்க வெச்சு இழுத்துட்டுப் போற ஒரு இடம் வரும், அதைக்கூட அவர் கண்ணு வழியாதான் பாப்போம், பேசிக்கிட்டே குப்பை அரைக்கிற மெஷின்ல கொண்டு போய்ப் போடுவாங்க. நடக்கிறது எல்லாம் நமக்கு முன்னாடி நடக்குது, நாம திரும்பிப் பாத்தா பாக்கலாம் பாக்காட்டி தவறவிடலாம், அந்த நம்பிக்கையை நம்ம மேல வைக்கிறாங்க. எனக்கு இந்த கேம் மேல இத்தனை வருஷமா குறையாத மரியாதை இருக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

டிராம் நின்னதும் நேரா டெஸ்ட் சேம்பருக்கு ஓடாதீங்க. சாப்பிடுற ரூம்ல ஒரு மைக்ரோவேவ் இருக்கும், பட்டனை திரும்பத் திரும்ப அமுக்குங்க, உள்ள இருக்கிற யாரோட சாப்பாடோ வெடிச்சுப் போயிடும். 2007ல வந்த ஹாஃப்-லைஃப் 2 எபிசோட் டூல டாக்டர் மேக்னஸன்னு ஒரு கோவக்கார விஞ்ஞானி அந்த சாப்பாட்டு விஷயத்தை இன்னும் மறக்காம நம்மகிட்ட கேப்பார்! ஒன்பது வருஷம் கழிச்சு பதில் வர்ற மாதிரி ஒரு பட்டன் வெச்சிருக்காங்க.

அப்புறம் பரிசோதனை வெடிச்ச பிறகு நீங்க வந்த அதே வழியிலதான் திரும்பப் போகணும். அந்த வரவேற்பு மேஜை, அந்த லிஃப்ட், அந்த காரிடார், கொஞ்ச நேரம் முன்னாடி குட்மார்னிங் சொன்ன ஆளுங்க, எல்லாம் அதேதான், ஆனா விளக்கு வெட்டி வெட்டி எரியுது, கூரை இடிஞ்சு கிடக்கு, ஒரு விஞ்ஞானி தரையில விழுந்த கார்டோட நெஞ்சை அமுக்கி உயிர் குடுக்கப் பாத்துக்கிட்டு இருக்கார். ஆரம்பத்துல அந்த அமைதியான கால் மணி நேரத்தை ஓடிக் கடந்திருந்தீங்கன்னா இந்த இடம் வெறும் உடைஞ்ச கட்டடம், நடந்து பாத்திருந்தீங்கன்னா நெஞ்சு கனக்கும்.

கேள்வி: சார், அரை மணி நேரம் ஆடினாலே தலை சுத்துது, படமும் இழுத்து வெச்ச மாதிரி இருக்கு. புது மானிட்டருக்கு என்ன செட்டிங் வைக்கணும்?

பதில்: 2023 நவம்பர்ல கேமுக்கு 25 வயசு ஆனப்ப வால்வ் ஒரு பெரிய அப்டேட் விட்டாங்க, நீங்க வேற எதையும் தேடாம அந்த வெர்ஷனையே ஆடுங்க. அகல ஸ்கிரீனுக்கு பார்வைக் கோணம் சரியா வர்ற மாதிரி பண்ணிட்டாங்க, முன்னாடியெல்லாம் வைட் ஸ்கிரீன்ல மேலயும் கீழயும் வெட்டிட்டு குறுகலா தெரியும், தலை சுத்தறதுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம். எழுத்தும் மெனுவும் பெரிய ரெசல்யூஷன்ல எறும்பு மாதிரி சிறுத்துப் போறதையும் சரி பண்ணிட்டாங்க. டெக்ஸ்சர் ஃபில்டரிங்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆஃப் பண்ணிப் பாருங்க, குழைஞ்சு மங்கலா தெரிஞ்ச சுவரெல்லாம் புள்ளி புள்ளியா கூர்மையா தெரியும், என் கண்ணுக்கு அதுதான் அழகு. எச்டி மாடல்னு ஒண்ணு இருக்கும், அது ப்ளூ ஷிஃப்ட்டோட சேந்து வந்தது, ஒரிஜினல் இல்ல. முதல் தடவை அது வேண்டாம், பழைய மாடல்களுக்கும் பழைய வெளிச்சத்துக்கும்தான் பொருத்தம்.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும், ஹெட்ஃபோன் போட்டு ஆடுங்க. இந்த கேம்ல சத்தம் பாதி. கால் வைக்கிற தரைக்குத் தகுந்த மாதிரி காலடி மாறும், இரும்பு ஜல்லடைத் தட்டுல ஒரு சத்தம், சிமென்ட்ல ஒரு சத்தம், காத்து போற குழாய்க்குள்ள தவழும்போது வேற சத்தம். ரூமோட அளவைப் பொறுத்து எதிரொலியும் மாறும், பெரிய ஹாலுக்குள்ள கால் வெச்ச உடனே நீங்க சுட்ட சத்தமே அகண்டு கேக்கும். ஸ்பீக்கர் அறிவிப்பு எல்லாம் தனித்தனி வார்த்தையா பதிவு பண்ணி ஒட்டினது, அதனாலதான் அந்தக் குரல் வெட்டி வெட்டி, உயிரில்லாம, கேக்கவே சங்கடமா இருக்கு. கெல்லி பெய்லிதான் சத்தத்துக்கும் இசைக்கும் பொறுப்பு. இசையை எங்கெங்க போடாம விட்டிருக்காருன்னு கவனிங்க, பயம் பூரா அங்கதான்.

கேள்வி: அந்தக் காலத்துல ஹாஃப்-லைஃப் சிப்பாய்ங்க மாதிரி புத்திசாலி எதிரிங்க கிடையாதுன்னு பேசிப்போம். இப்ப ஆடும்போதும் கஷ்டமா இருக்கு. நிஜமாவே அவ்வளவு புத்திசாலியா, இல்ல நம்ம நினைப்பா?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. புத்திசாலின்னு சொல்றதைவிட நல்லா நடிக்க வெச்சிருக்காங்கன்னு சொல்லலாம், அதைக் குறைவா எடுத்துக்காதீங்க, அது பெரிய கலை. கேம் லாஜிக் சம்பந்தப்பட்ட கோடை மோட் பண்றவங்களுக்காக, அதாவது கேமை தங்க இஷ்டத்துக்கு மாத்தி அமைக்கிற ரசிகர்களுக்காக, வால்வே வெளிய குடுத்தாங்க, அதனால உள்ள என்ன நடக்குதுன்னு யார் வேணா பாக்கலாம். சிப்பாய்ங்க குழுவா இருப்பாங்க, ஒருத்தன் உங்களைப் பாத்துட்டா அந்தத் தகவல் குழுவுக்கே போயிடும். ஆனா குழுவுல ரெண்டு பேருக்குத்தான் ஒரே சமயத்துல உங்களை நோக்கி சுடுறதுக்கு இடம் இருக்கு, அந்த ரெண்டு இடமும் நிரம்பிட்டா மத்தவன் என்ன பண்ணுவான், மறைவு தேடி ஓடுவான், பக்கவாட்டுல வருவான். நமக்கு அது "ரெண்டு பேர் சுட்டு என்னை அடக்கி வெச்சிருக்காங்க, மூணாவது ஆள் சுத்தி வளைக்கிறான்"னு தெரியும். கூடவே ரேடியோவுல கத்துறாங்க பாருங்க, அந்தச் சத்தம் இல்லாம இருந்திருந்தா இந்த புத்திசாலித்தனத்துல பாதி நமக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்க ஒரு பெட்டிக்குப் பின்னாடி பதுங்கினா கையெறி குண்டு உருண்டு வரும், வந்த இடத்துலேர்ந்து எழுந்து ஓடினீங்கன்னா வெளிய காத்துக்கிட்டு இருப்பாங்க.

இதைவிட எனக்குப் பிடிச்சது மத்த ஜந்துக்களோட வாழ்க்கை. கேமுக்குள்ள சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, வாசனைக்கும் ஒரு கணக்கு இருக்கு. குண்டு விழுந்தா "ஆபத்து"ன்னு ஒரு சத்தம் அந்த இடத்துல பதிவாகும், அதைக் கேட்டுத்தான் எதிரிங்க விலகி ஓடுறாங்க. செத்த உடம்போட வாசனையை புல்ஸ்க்விட்ங்கிற ஜந்து மோப்பம் பிடிச்சு சாப்பிடப் போகும், பக்கத்துல ஹெட்கிராப், அதான் தலையில பாஞ்சு ஒட்டிக்கிற சின்ன ஜந்து, இருந்தா நம்மளை விட்டுட்டு அதைத் துரத்தும். ஹவுண்ட்ஐன்னு மூணு கால்ல திரியுமே ஒண்ணு, தனியா இருந்தா அதோட அதிர்ச்சி அலை லேசா இருக்கும், கூட்டமா இருந்தா பலம் கூடும், அலையோட கலரும் மாறும், அதனால எத்தனை சேந்திருக்குன்னு கலரை வெச்சே கணிக்கலாம். இதெல்லாம் முதல் தடவை ஆடும்போது தெரியாது, அப்ப உயிர் பிழைக்கிறதுதான் குறி. இந்த தடவை ஒரு ரூமுக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி கதவோரமா நின்னு கொஞ்ச நேரம் சும்மா பாருங்க, தூங்கிக்கிட்டு இருக்கிற ஹவுண்ட்ஐ கூட்டம்கூட சில இடத்துல இருக்கும்.

சிப்பாய்ங்க அறிமுகம் ஆகுற காட்சியையும் மறக்காதீங்க. அதுவரைக்கும் எல்லா விஞ்ஞானியும் "ராணுவம் வந்து காப்பாத்தும்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, ராணுவமும் வரும், ஒரு விஞ்ஞானி சந்தோஷத்துல கையை விரிச்சுக்கிட்டு அவங்ககிட்ட ஓடுவார், அடுத்த நொடி அவரையே சுட்டுடுவாங்க. நீங்க யாரை நம்பலாம் நம்பக்கூடாதுங்கிறது அந்த நொடியில மாறிடுது, ஒரு வரி வசனம்கூட நமக்குன்னு விளக்கம் சொல்லல.

கேள்வி: அண்ணா, பிளாஸ்ட் பிட்ங்கிற அத்தியாயத்துல மாட்டிக்கிட்டேன். அந்தப் பச்சை கொக்கு மூஞ்சி ராட்சசங்களை எவ்வளவு சுட்டாலும் சாகவே மாட்டேங்குது, புல்லட் எல்லாம் தீந்துடுச்சு. சின்ன வயசுல எப்படி தாண்டினேன்னே ஞாபகம் இல்ல.

பதில்: சுடாதீங்க தம்பி, அதை துப்பாக்கியால ஜெயிக்க முடியாது. அதுக்குக் கண்ணு கிடையாது, காது மட்டும்தான். நடக்கும்போது மெதுவா நடங்க, இல்ல குனிஞ்சு போங்க, அவசரம்னா எதிர்ப்பக்கம் ஒரு கையெறி குண்டை வீசுங்க, வெடிச்ச பக்கம் போய் அது தலையால தட்டிக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல நீங்க ஏணி இறங்கிடலாம். ஆக்சிஜன், எரிபொருள், மின்சாரம் மூணையும் தனித்தனியா போய் ஆன் பண்ணிட்டு மேல கண்ட்ரோல் ரூமுக்கு வந்து அந்த பட்டனை அமுக்குங்க. அந்த ராட்சசங்க இருக்கிற குழியே ராக்கெட் இன்ஜின் டெஸ்ட் பண்ற இடம், மேல தொங்குற இன்ஜின் பத்திக்கும்.

இப்ப திரும்ப அந்த இடத்துக்குள்ள எப்படி வந்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. தூரத்துலயே டங் டங்னு இரும்பைத் தட்டுற சத்தம் கேக்கும். கண்ட்ரோல் ரூம் கிட்ட வரும்போது உங்க கண் முன்னாடியே கண்ணாடியை உடைச்சு ஒரு விஞ்ஞானியை வெளிய இழுத்துட்டுப் போயிடும். அது என்ன பண்ணும், எவ்வளவு பெருசு, எது அதைக் கூப்பிடுதுங்கிற எல்லாமே நீங்க உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே காட்டப்பட்டுடுது. இந்த முறையை அவங்க ரொம்ப யோசிச்சு பண்ணியிருக்காங்க. 1997 கடைசியில வர வேண்டிய கேம் இது. அப்ப கையில இருந்ததை ஆடிப் பாத்துட்டு நல்லா இல்லன்னு அவங்களே முடிவு பண்ணி கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்பப் பண்ணாங்க. டிசைனர், புரோகிராமர், அனிமேட்டர், கதை எழுதுறவர்னு பல துறை ஆளுங்களைச் சேத்து ஒரு சின்னக் குழு, அதுக்கு "கபால்"னு பேரு, அவங்க உக்காந்து ஒவ்வொரு லெவலையும் பேசிப் பேசி எழுதினாங்க. வெளி ஆளுங்களைக் கூப்பிட்டு ஆட வெச்சு, டிசைனர்ங்க பின்னாடி வாயைத் திறக்காம உக்காந்து பாக்கணும், அவன் எங்க தடுமாறுறானோ அங்க தப்பு லெவல்லதான்னு எடுத்துப்பாங்க. செத்தாலும் "கேம் ஏமாத்திடுச்சு"ன்னு தோணக்கூடாது, "முன்னாடியே காட்டினாங்களே, நான்தான் கவனிக்கல"ன்னு தோணணும், அதுதான் அவங்க கொள்கை. பிளாஸ்ட் பிட் அந்தக் கொள்கைக்கு நல்ல உதாரணம்.

கேள்வி: இதே கேமை புதுசா செஞ்ச பிளாக் மேசாங்கிற ரீமேக் இருக்கும்போது எதுக்கு சார் ஒரிஜினல்? நேரா அதையே ஆடிடலாமே?

பதில்: பிளாக் மேசாவை நான் ரொம்ப மதிக்கிறேன். ரசிகர்கள் சேந்து ஆரம்பிச்ச வேலை, 2012ல முதல் பகுதி இலவச மோடா வந்துச்சு, கடைசிப் பகுதியோட முழு வெர்ஷன் 2020 மார்ச்சுலதான் வந்துச்சு, அத்தனை வருஷம் ஒரு கேம் மேல பாசம் வெச்சு விடாம உழைச்சிருக்காங்க. வெளிச்சம், நடிப்பு, குரல், எல்லாம் பிரமாதம்.

ஆனா ஒரிஜினலை முதல்ல ஆடுங்கன்னுதான் சொல்வேன். ஒரிஜினல்ல ஒரு ரூமுக்குள்ள இருக்கிறது கொஞ்சம் பொருள்தான், அந்தக் கால கம்ப்யூட்டர் தாங்குற அளவுக்குத்தான் வைக்க முடியும், அதனால கண்ணுல படுற ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கும். வால்வு சக்கரம் தெரிஞ்சா அதைத் திருப்பணும், உடைஞ்ச ஜல்லடை தெரிஞ்சா அதுக்குள்ள போகணும். ரீமேக்ல மேஜை முழுக்க பேப்பர், கப், ஸ்டேப்ளர், அழகா இருக்கு, ஆனா எது வழி எது அலங்காரம்னு கண்ணு தேட வேண்டியிருக்கு. ஃப்ரீமேனோட வேகமும் வேற, ஒரிஜினல்ல பறக்குற மாதிரி ஓடுவார், அந்த வேகத்துக்குத்தான் அத்தனை லெவலும் அளவெடுத்தது. ஆன் எ ரெயில்ங்கிற நீளமான டிராம் பாதை பகுதியை ரீமேக்ல சுருக்கிட்டாங்க, நிறைய பேர் அதை வரவேற்றாங்க. எனக்கு அந்தத் தொலைஞ்சு போற உணர்வு வேணும், ஒரே மாதிரி சுரங்கத்துல எந்த ஸ்விட்சை மாத்தினா எங்க போகும்னு தெரியாம சுத்துறதுதான் அந்தப் பகுதியே.

கேள்வி: கடைசியில வர்ற ஜென்ங்கிற அந்த வேற்றுலகம் பிடிக்கவே இல்ல. அப்பவும் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல. அதைப் போய் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டீங்கதானே?

பதில்: தாவுறதை நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். காத்துல மிதக்குற பாறையிலேர்ந்து பாறைக்கு, குனிஞ்சு ஒரு பட்டன் தாவி ஒரு பட்டன்னு நேரம் பிசகாம அமுக்கி லாங் ஜம்ப் பண்ணணும், கீழ விழுந்தா சாவு, கால் எங்க இருக்குன்னு தெரியாத ஃபர்ஸ்ட் பெர்சன் பார்வையில அது சரியான டிசைன் இல்ல. அதுவரைக்கும் ஒவ்வொரு சுவருக்கும் அர்த்தம் இருந்த ஒரு கேம் திடீர்னு வெறுமையான இடத்துல நம்மளை விட்டுடுது. ஒவ்வொரு பாறையிலயும் சேவ் பண்ணிக்கோங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ரீமேக்காரங்க இந்தப் பகுதியைத்தான் முழுசா புதுசா கட்டினாங்க, நீளம் அதிகம், ஆனா காட்சி அற்புதம், இதை மட்டும் ரீமேக்ல பாக்கலாம்னு நீங்க முடிவு பண்ணா எனக்கு ஆட்சேபணை இல்ல.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரிஜினல்ல இன்டர்லோப்பர்ங்கிற அத்தியாயத்துல ஒரே ஒரு காரியம் பண்ணிப் பாருங்க. அங்க ஒரு தொழிற்சாலை மாதிரி இடம் வரும், வோர்டிகான்ட்ங்க அங்க வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும், கேம் ஆரம்பத்துலேர்ந்து கையிலேர்ந்து பச்சை மின்னல் விட்டு நம்மளைக் கொல்லப் பாத்த அதே ஜந்துங்க. பாத்த உடனே சுடத்தான் தோணும், அவ்வளவு நேரமா பழகின பழக்கம் அது. துப்பாக்கியை இறக்கிட்டு நில்லுங்க. அதுங்க உங்களைத் தாக்காது. நீங்க முதல்ல அடிக்காத வரைக்கும் பெரும்பாலும் தன் வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் அதோட கழுத்தையும் மணிக்கட்டையும் கவனிங்க, பச்சைக் கலர்ல பட்டை மாட்டியிருக்கும். அடிமைங்க. நம்மளைக் கொல்ல வந்தது அதுங்களோட விருப்பம் இல்ல, யாரோ அனுப்பியிருக்காங்க. கடைசி எதிரியா வர்ற அந்தப் பெரிய நிஹிலான்த்கூட தாங்களும் வேற யாருக்கோ அடிமைங்கன்னு முனகுறது காதுல விழும். 2004ல வந்த ஹாஃப்-லைஃப் 2ல வோர்டிகான்ட்ங்க மனுஷனோட சேந்து போராடுற நண்பர்களா வரும், அதுக்கு விதை இங்கதான் இருக்கு. கதை எழுதின மார்க் லெய்ட்லா சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவலாசிரியர், ஆனா அடிக்காட்டி அதுங்க தாக்காதுங்கிறதை அவர் எந்த வசனத்துலயும் எழுதி வைக்கல, நீங்க சுடாம நின்னாத்தான் தெரியும். முதல் தடவை ஆடினப்ப நிறைய பேர் அந்த ரூமை சுட்டுத் தள்ளிட்டுப் போயிருப்பாங்க. திரும்ப ஆடுறதுக்கு எனக்கு இந்த ஒரு ரூம் போதும்.

கேள்வி: என் பையனுக்கு 10 வயசு. நான் ஆடுறதைப் பாத்து அவனும் ஆடணும்னு கேக்குறான். குடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவுல இதுக்கு எம் ரேட்டிங், அதாவது 17 வயசுக்கு மேல. கட்டம் கட்டமான கிராஃபிக்ஸ்னு அசட்டையா நினைக்காதீங்க, ஹெட்கிராப் தலையைப் பிடிச்ச மனுஷங்க கத்துற சத்தம், ரத்தம், சிப்பாய்ங்க நிராயுதபாணியை சுடுறது எல்லாம் 10 வயசுக்கு அதிகம். அவன் இன்னும் வளரட்டும், டிராம் பயணத்தை மட்டும் வேணும்னா மடியில உக்கார வெச்சு காட்டுங்க, அதுல யாரும் சாகுறதில்ல.

கேள்வி: முடிச்சாச்சு! திரும்ப ஆடினதுல பழைய பசி கிளம்பிடுச்சு. அடுத்தது என்ன?

பதில்: நேரா ஹாஃப்-லைஃப் 2க்குப் போயிடாதீங்க, நடுவுல 1999ல வந்த ஆப்போசிங் ஃபோர்ஸ் இருக்கு, கியர்பாக்ஸ்ங்கிற கம்பெனி பண்ணது. அதே சம்பவம், ஆனா நீங்க இந்தப் பக்கம், உங்களைச் சுட வந்த சிப்பாய்ங்கள்ல ஒருத்தன், ஏட்ரியன் ஷெப்பர்டு. ஒரிஜினலை முடிச்ச சூட்டோட ஆடினாத்தான் அதோட ருசி, எந்தக் கதவு எங்க போகும்னு ஞாபகம் இருக்கும்போதே இன்னொரு பக்கத்துலேர்ந்து வர்றது தனி சுகம். அதுக்கப்புறம் மனசு பயத்துக்கு தயாரா இருந்தா அதே 1999ல வந்த சிஸ்டம் ஷாக் 2, அது மெதுவா ஆடுற கேம், புல்லட்டை எண்ணி எண்ணி சுடணும், விண்கப்பல்ல செத்துப் போனவங்களோட ஆடியோ பதிவுகளைக் கேட்டுக் கேட்டு கதையைச் சேக்கணும். ஹாஃப்-லைஃப் 2க்கு 2024ல 20 வருஷ அப்டேட் வந்திருக்கு, பண்ணவங்களே ஒவ்வொரு இடத்துலயும் பேசுற கமென்ட்ரி அதுல இருக்கு, அதனால அதை ஆற அமர ஆடுங்க.

ஆப்போசிங் ஃபோர்ஸ்ல ஒரு இடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். பிளாக் மேசாவுல லாம்ப்டாங்கிற கூடத்துல கார்டன் ஃப்ரீமேன் ஜென்னுக்குப் போற வாசல்ல, அதாவது போர்ட்டல்ல, குதிக்கிறதை தூரத்துலேர்ந்து ஷெப்பர்டா பாப்பீங்க, கொஞ்ச நேரம் முன்னாடி நீங்களே குதிச்ச அதே குதி. அந்த இடம் வர்றதுக்கு முன்னாடி ஒரு சேவ் போட்டுக்கோங்க, அப்புறம் அவர் பின்னாடியே நீங்களும் அந்த போர்ட்டல்ல குதிங்க. காலத்தையே குழப்பப் பாத்தீங்கன்னு சொல்லி கேமை அங்கயே முடிச்சுடுவாங்க.